எழுபது விநாடிகள்

டிசம்பர் 1, திங்கள்

ஆய்வுக் குறிப்பேட்டில் எண்களை மட்டும் எழுது, புலம்புவதற்குத் தனியாக ஒரு நோட்டு வாங்கிக்கொள் என்று ஜோதிலிங்கம் சார் இன்று சொன்னார். எல்லார் முன்னாலும் சொன்னார். நான் எழுதியிருந்தது ஒரே ஒரு வரி: "ஏழாம் எலி இன்று என்னைப் பார்த்தது." அதைச் சத்தமாக வாசித்துக் காட்டி, "பார்த்து என்ன சொல்லுச்சு தமயந்தி?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். வரும் வழியில் இந்த நோட்டை வாங்கினேன்.

பின்னால் படித்தால் எனக்கே புரிய வேண்டும் என்பதால் விவரம். மூளையின் ஒவ்வொரு நரம்புச் செல்லுக்குள்ளும் நுண்குழல்கள் ஏராளமாக இருக்கின்றன. செல்லின் உருவம் குலையாமல் தாங்குவது அவற்றின் வேலை. அது மட்டுமில்லை, அணுவுக்குள் நடக்கும் குவாண்டம் கூத்து அந்தக் குழல்களிலும் நடக்கிறது, 'நான்' என்ற நினைப்பே அங்கேதான் பிறக்கிறது என்று ஒரு கட்சி சொல்கிறது. சார் அந்தக் கட்சி. எதிர்க்கட்சி இதைக் கேட்டுச் சிரிக்கிறது. குவாண்டம் நிலை கடும் குளிரில், யாரும் தொடாத தனிமையில்தான் நிற்கும். மூளையோ சூடும் ஈரமுமான இடம். அங்கே அது கண் இமைப்பதற்குள் கலைந்துவிடும் என்பது அவர்கள் வாதம்.

சண்டையைத் தீர்க்கப் பதினாறு எலிகள். மயக்க வாயு நினைவை அணைப்பது குழல்கள் வழியாகத்தான் என்றால், குழல்களை இறுக்கிப் பிடிக்கும் ஒரு மருந்தை முன்பே போட்டுக்கொண்ட எலி மயங்கக் கூடுதல் நேரம் ஆக வேண்டும். எட்டு எலிக்கு மருந்து, எட்டுக்கு வெறும் கரைசல். ஊசி போடுபவர் வேறு துறை. எந்த எலிக்கு எது என்ற பட்டியல் சாரின் மேசைக்குள் ஒட்டிய உறையில் இருக்கிறது. எனக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் ஆசைக்கு ஏற்றபடி கை அழுத்திவிடும்.

கண்ணாடிப் பெட்டிக்குள் எலியை விட்டு, வாயுவைத் திறந்து, பெட்டியை மெல்ல உருட்டுவேன். மல்லாந்த எலி புரண்டு எழுந்தால் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். எழவில்லை என்றால் போய்விட்டது. போன விநாடியில் ஸ்டாப் வாட்சை அழுத்த வேண்டும். இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியது இதற்குத்தான்.

டிசம்பர் 3, புதன்

காலை ஏழு மணிக்கே ஆய்வகம். கோயம்புத்தூரில் இந்த வருடம் குளிர் முந்திக்கொண்டது. சோதனை அறையில் ஏசி வேறு. விலங்குக்கூடத்திலிருந்து கூண்டுகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவருபவர் மயிலாத்தாள் அக்கா. வயது நாற்பத்தைந்து இருக்கும். ஒப்பந்த வேலை. அன்னூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார். ஒவ்வொரு எலியாகக் கேட்கக் கேட்கத் தாழ்வாரத்திலிருந்து எடுத்துக் கொடுப்பார். அறைக்குள் வரமாட்டார், வாயு வாடை அவருக்கு ஆகாது.

இன்று கதவிடுக்கில் நின்று கேட்டார். "ஏனுங் மேடம், எலிகிட்ட என்னமோ பேசறீங்களே, அதுக்கு ஏதாச்சும் வெளங்குதுங்ளா?"

நான் பேசவில்லை. பெட்டியை உருட்டும்போது ஒவ்வொரு முறையும் "இருக்கியா?" என்று கேட்கிறேன். அவ்வளவுதான். வேலைக்கு ஒரு தாளம் வேண்டாமா?

டிசம்பர் 5, வெள்ளி

தோசை மாவு புளித்துவிட்டது. எட்டு எலிகள் முடிந்தன. வெப்பமானிக் கம்பி பழுது. எலியின் உடல் சூட்டையும் அளக்க வேண்டும் என்று திட்டத்தில் எழுதியிருக்கிறது. புதிது வர ஒரு மாதம் ஆகுமாம். "அறை வெப்பம் 22 டிகிரி, மாறாமல் பராமரிக்கப்பட்டது" என்று எழுதிக்கொண்டேன். போதும்.

டிசம்பர் 9, செவ்வாய்

இவர் இன்று காலை கேட்டார். "நல்ல லேசர் வேலை. நிரந்தரம். அதை விட்டுப்போட்டு எலியை உருட்டிட்டு இருக்கறயே, எதுக்கும்மா?"

இவர் என்றால் ஈஸ்வரமூர்த்தி, என் கணவர். பம்புசெட் கம்பெனியில் தரப் பரிசோதனை. பம்பு ஓடுகிறதா, ஒழுகுகிறதா என்று பார்த்து முத்திரை குத்துவார். நல்ல மனுஷர். என் சட்டை சுடிதாரையெல்லாம் அவர்தான் தேய்ப்பார்.

எனக்கு லேசர் சலித்துவிட்டது என்று சொன்னேன்.

எதற்கும் எழுதிவைக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி எடுக்க ஆபரேஷன் நடந்தது. கட்டிக்காக உள்ளே போனவள் கர்ப்பப்பையே இல்லாமல் வெளியே வந்தேன். ரத்தம் நிற்கவில்லை, நேரமில்லை, யாரையும் கேட்க அவகாசமில்லாமல் டாக்டரே முடிவெடுத்து எடுத்துவிட்டார் என்று இவர் சொன்னார். உயிர் பிழைத்தேன். அதில் எனக்கு யாரிடமும் கோபம் இல்லை.

ஆனால் நடுவில் நான் விழித்திருந்தேன். வலி இல்லை. கண்ணைத் திறக்க முடியவில்லை, சுண்டுவிரல்கூட என் பேச்சைக் கேட்கவில்லை. குரல்கள் கேட்டன. வார்டுக்கு வந்த மறுநாளே இவரிடம் சொன்னேன், நான் விழித்திருந்தேன், பேசியது கேட்டது என்று. "கனவும்மா அது. மயக்கத்துல என்னென்னமோ தோணும்" என்றார். டாக்டரும் அதையே சொன்னார். என்ன கேட்டது என்று மட்டும் இவர் இதுவரை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இதற்கும் லேசர் வேலையை விட்டதற்கும் சம்பந்தம் இல்லை.

டிசம்பர் 12, வெள்ளி

கட்டுரையின் முன்னுரையைச் சார் திருத்தி அனுப்பியிருக்கிறார். பக்கம் முழுக்கச் சிவப்பு மை. பச்சையோ நீலமோ, வேறு எதிலாவது திருத்துங்கள் சார் என்று இரண்டு முறை சொல்லிவிட்டேன். "ஸ்கூல் பிள்ளையா நீ?" என்கிறார். நகல் எடுத்துக் கறுப்பு வெள்ளையில் படித்தேன்.

கடைசிச் சுற்று திங்களன்று. என் வேலை நீட்டிப்பு இந்தக் கட்டுரையில்தான் இருக்கிறது. மார்ச்சோடு முடிகிறது. கட்டுரை போக வேண்டிய கடைசி நாள் ஜனவரி 9.

டிசம்பர் 15, திங்கள்

முடிந்தது. பதினோராம் எலி கடைசி வரைக்கும் எழுந்துகொண்டே இருந்தது. 5 நிமிடம் 2 விநாடி. மல்லாந்த பிறகும் கண் திறந்தே இருந்தது, மீசை துடித்தது. அழுத்திவிட்டேன். எழவில்லையே.

டிசம்பர் 18, வியாழன்

உறையைப் பிரித்தோம்.

சார் கத்தரிக்கோலை விட்டுவிட்டு நகத்தாலேயே கிழித்தார். பட்டியலை நான் வாசிக்க வாசிக்க அவர் கணினியில் நிரப்பினார். கரைசல் எலிகள் சராசரியாக மூன்று நிமிடம் நாற்பது. மருந்து எலிகள் நான்கு நிமிடம் ஐம்பது. எழுபது விநாடி வித்தியாசம்!

சார் எழுந்து ஜன்னலருகே போய் நின்றுகொண்டார். அவருக்கு அறுபத்தொரு வயது. இருபது வருடமாகக் கருத்தரங்குகளில் சார் பேச எழுந்தால் காபி குடிக்க வெளியே போகிறவர்கள் உண்டு. "எழுபது விநாடி" என்றார். "கேட்டியா தமயந்தி? எழுபது விநாடி."

எனக்கு உடம்பெல்லாம் பறந்தது. எனக்கு என்ன வேண்டும் என்று இப்போது எழுதலாம். மயக்கம் என்பது ஒரே கதவு என்று எல்லாரும் நினைக்கிறார்கள். இல்லை. கை கால் ஒரு கதவு வழியாகப் போகிறது, 'நான்' இன்னொரு கதவு வழியாகப் போகிறது. அந்த இரண்டாவது கதவு குழல்களில் இருக்கிறது என்று காட்டிவிட்டால், முதல் கதவு சாத்தியிருக்கும்போதே இரண்டாவது திறந்திருக்கலாம் என்றாகிவிடும். கனவு என்று ஒருத்தரும் சொல்ல முடியாது. அறிவியல் சொல்கிறது பார் என்று அச்சடித்த தாளை மேசைமேல் வைப்பேன்.

இவரிடம் சாயங்காலம் சொன்னேன். இவர் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நிரூபிச்சாச்சா? மயக்கம் குடுத்தாலும் ஆள் உள்ள இருக்கும்னு?" என்று கேட்டார்.

"கிட்டத்தட்ட" என்றேன். அது பொய். அதற்கு இன்னும் பத்து ஆய்வு வேண்டும்.

"செரி, நல்லது" என்றார். புதுச் சட்டையில் இஸ்திரிப் பெட்டியின் முத்திரை விழுந்துவிட்டது. பதினொரு வருடத்தில் இவர் சட்டையைக் கருக்கி நான் பார்த்ததில்லை.

டிசம்பர் 22, திங்கள்

கட்டுரை பாதி. கேஸ் புக் செய்ய வேண்டும். பல்வலி.

டிசம்பர் 23, செவ்வாய்

பஸ் சீக்கிரம் வந்துவிட்டது. ஆறரைக்கே தாழ்வாரத்துக்குப் போய்விட்டேன்.

மயிலாத்தாள் அக்கா தள்ளுவண்டிப் பக்கத்தில் கீழே உட்கார்ந்திருந்தார். சேலைக்கு மேலே ஒரு பழுப்பு ஸ்வெட்டர், அதன் வயிற்றுப் பக்கம் புடைத்துக்கொண்டு அசைந்தது. என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார். கழுத்தருகே ஒரு வெள்ளை மூக்கு எட்டிப் பார்த்தது.

"என்ன அக்கா இது?"

"மூணாம் நம்பருங் மேடம். பாவம், குளுருல நடுங்குது."

"இப்ப சோதனைகூட இல்லையே?"

"இல்லாட்டி என்னங்? இதுக எட்டும் நோஞ்சானுங். நவம்பர்ல ஊசி போட்டதிலிருந்து ரோமமெல்லாம் சிலுத்துக்கிட்டு, தீனியும் சரியா எறங்கறதில்லீங். மத்த எட்டும் நல்லாத் திங்குது, குதிக்குது. அதுகளுக்கு ஒண்ணுமில்லீங். இதுகளைத்தான் வெடியால வந்ததும் ஒவ்வொண்ணா மடியில வெச்சுச் சூடு பண்ணுவன். நீங்க கூப்புட்டதும் எடுத்துக் குடுப்பன்."

"சோதனை நாளிலயுமா?"

"அன்னிக்குத்தானுங் முக்கியமா வெச்சுக்கோணும். உள்ள ஐஸ் பெட்டியாட்ட இருக்குதே!" அவருக்குச் சொல்லும்போது பெருமை. "வெயில்ல காட்டலாம்னா வெளிய எடுத்துட்டுப் போகக்கூடாதுன்னுட்டீங்க. நான் என்னங் பண்றது?"

நான் அறைக்குப் போய்ப் பட்டியலில் மருந்து எலிகளின் எண்களைப் பார்த்தேன். மூன்று, நான்கு, ஏழு, எட்டு, பதினொன்று, பன்னிரண்டு, பதினான்கு, பதினாறு. திரும்ப வந்து, எந்த எட்டு என்று அக்காவைக் கேட்டேன். விரல் விட்டு அதே எட்டைச் சொன்னார்.

டிசம்பர் 24, புதன்

இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஒரு கைச் சூடு என்ன செய்துவிடும்?

டிசம்பர் 25, வியாழன்

பல்கலைக்கழகத்துக்கு விடுமுறை. எலிகளுக்கு ஏது விடுமுறை? மயிலாத்தாள் அக்கா தீனி வைக்க வந்திருந்தார். பக்கத்து வீட்டில் கொடுத்த கேக்கில் எனக்கும் ஒரு துண்டு கொண்டுவந்தார்.

கால்நடைத் துறை நண்பரிடம் வெப்பமானி வாங்கிவந்திருந்தேன். மருந்தே போடாத எலிகளில் நான்கை எடுத்தேன். ஒவ்வொன்றையும் இருபது நிமிடம் என் மடியில், துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டேன். உட்கார்ந்தே இருக்க முடியவில்லை, தாழ்வாரத்தில் நடந்தேன். முதல் எலி பயந்து மூத்திரம் பெய்தது. பிறகு சுருண்டு தூங்கிவிட்டது. மற்ற நான்கு எப்போதும்போல் கூண்டிலேயே தாழ்வாரக் குளிரில்.

கூண்டு எலிகள் 36.1, மடி எலிகள் 37.8. ஒன்றரை டிகிரிக்கு மேல் வித்தியாசம்.

பிறகு பெட்டி, வாயு, ஸ்டாப் வாட்ச். கூண்டு எலிகளின் சராசரி மூன்று நிமிடம் முப்பத்தெட்டு. மடி எலிகள் நான்கு நிமிடம் நாற்பத்தாறு.

அறுபத்தெட்டு விநாடி. குழலும் இல்லை, குவாண்டமும் இல்லை. குளிர்ந்த உடம்பு சீக்கிரம் மயங்கும், சூடான உடம்பு தாமதிக்கும். எந்த மயக்க டாக்டருக்கும் தெரிந்த சங்கதி. அதனால்தான் உடல் சூட்டை அளக்கச் சொல்கிறார்கள். அதனால்தான் நான் அளக்கவில்லை என்று எழுதக் கை வருகிறது, ஆனால் கம்பி பழுதானது என் திட்டமில்லையே.

கேக்கைத் தின்ன மறந்து பையிலேயே நசுங்கிவிட்டது.

டிசம்பர் 26, வெள்ளி

யாரிடமும் சொல்லவில்லை. நான்கு எலிகள்தானே. நான்கை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்று முதல் வருட மாணவனுக்கே தெரியும். நான்கு போதாது என்றால் உலகத்தையே மாற்ற எட்டும் போதாது, அதுவும் தெரியும்.

வீட்டில் மூன்று முறை அடுப்பைத் துடைத்தேன். இவர் "போதும்மா, அது தேஞ்சு போயிரும்" என்றார்.

டிசம்பர் 29, திங்கள்

உண்மையை எழுதுவதற்கென்று வாங்கிய நோட்டில் பத்து நாளாகச் சுற்றி வளைக்கிறேன். எழுதிவிடுகிறேன்.

மயிலாத்தாள் அக்காவுக்கு எட்டு எலியும் அடையாளம் தெரிந்தது. ரோமம் சிலிர்த்திருந்தது என்கிறார். அதே எலியை இரண்டு அடி தூரத்தில், நல்ல வெளிச்சத்தில், கண்ணாடி வழியாக ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியாமலா இருந்தது? தெரிந்தது. முதல் வாரமே தெரிந்தது. உறை ஒட்டியே இருந்ததால் எனக்குத் தெரியாது என்று வைத்துக்கொண்டேன். பதினோராம் எலியை வேண்டுமென்றே தாமதமாக அழுத்தினேனா என்று கேட்டால் சத்தியம் செய்ய மாட்டேன்.

இன்னொன்று இதைவிட மோசம். இன்று காலை பழைய குறிப்பைப் புரட்டும்போது என் கையெழுத்திலேயே மாட்டியது. "எழவில்லை என்றால் போய்விட்டது."

நான் எழவில்லை. விரல்கூட அசையவில்லை. அன்று யாராவது என்னைப் பெட்டியில் போட்டு உருட்டியிருந்தால் நானும் மல்லாந்தே கிடந்திருப்பேன், ஒரு ஆள் ஸ்டாப் வாட்சை அழுத்தி, 'போய்விட்டாள்' என்று எழுதியிருப்பான். நான் அங்கேதான் இருந்தேன். உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது. கண் திறந்து, மீசை துடிக்கக் கிடந்த அந்தப் பிராணியிடம் இருக்கியா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குப் புரண்டு எழு என்று நானும் எதிர்பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் நான் அளந்தது நினைவை இல்லை. புரளும் சக்தியை. சூடு சரியாக இருந்திருந்தாலும், மருந்து உண்மையிலேயே வேலை செய்திருந்தாலும், எழுபது விநாடி எனக்குத் தர வேண்டியதைத் தந்திருக்காது. இவர் மேசைமேல் வைக்க என்னிடம் தாள் இல்லை.

கழிப்பறையில் போய் அழுதேன். பல்வலி என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 31, புதன்

சார் தலைப்பை மாற்றியிருக்கிறார். இப்போது தலைப்பில் 'நனவு' என்ற சொல் கொட்டை எழுத்தில் இருக்கிறது. இனிப்பு கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

ஜனவரி 2, வெள்ளி

போனேன். கதவு வரை போனேன். சார் மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன்.

ஜனவரி 5, திங்கள்

சொல்லிவிட்டேன்.

கிறிஸ்துமஸ் அன்று எடுத்த எண்களை முதலில் வைத்தேன், பிறகு மயிலாத்தாள் அக்காவின் ஸ்வெட்டரைச் சொன்னேன். சார் முதலில் சிரித்தார். பிறகு எண்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார், திரும்பப் போட்டுக்கொண்டார்.

"ஒரு வரி சேர்த்துடலாம். உடல் வெப்பநிலை கட்டுப்படுத்தப்படவில்லைன்னு கடைசிப் பத்தியில. அது நேர்மைதானே?"

"காரணம் தெரிஞ்ச பிறகு அது நேர்மை இல்லை சார்."

"ரெண்டு விளைவும் சேர்ந்து இருக்கலாம். சூடு கொஞ்சம், குழல் கொஞ்சம்."

"இருக்கலாம் சார். நமக்குத் தெரியாது. தெரியாதுன்னுதான் எழுதணும்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்த அம்மாவை யார் எலியை மடியில வெக்கச் சொன்னது? இன்னைக்கே ஆளை மாத்தச் சொல்றேன்."

எனக்கும் வந்துவிட்டது. "அவங்களை எதுக்கு சார் மாத்தறீங்க? கண்ணு இருந்ததால பார்த்தாங்க. எனக்கும் இருந்தது, நான் பார்க்காத மாதிரி இருந்தேன். சூட்டை அளக்காதது நான். எந்த எலிக்கு மருந்துன்னு பாதியிலயே கண்டுபிடிச்சதும் நான். மாத்தறதா இருந்தா என்னை மாத்துங்க. கட்டுரை போனா என் பேர் வேண்டாம்."

இதை நான்தான் சொன்னேனா என்று இப்போது எழுதும்போதும் நம்ப முடியவில்லை.  ஜன்னலுக்கு வெளியே யாரோ பைக்கை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள்.

"இருபது வருஷமா என்னைக் கேலி பண்றவங்க ஒரே ஒரு விஷயம்தான் சொல்றாங்க" என்றார் சார் கடைசியில். "மூளை சூடான இடம், சூட்டில உன் குவாண்டம் நிக்காதுய்யான்னு. நான் எத்தனை பதில் எழுதியிருக்கேன் தெரியுமா? கடைசியில என்னைக் கவுத்ததும் சூடுதானா?" சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அவரிடம் அதெல்லாம் முடியாது.

கட்டுரை போகாது. ஏப்ரலில் வெப்ப மெத்தை வைத்துத் திரும்பச் செய்வதாகச் சொன்னார். நான் ஏப்ரலில் அங்கே இருப்பேனா என்று இருவருமே பேசவில்லை.

வெளியே வந்தால் மயிலாத்தாள் அக்கா நிற்கிறார். குரல் கேட்டிருக்கிறது.

"என்னாலதானுங் மேடம் எல்லாம் கெட்டுது?"

"இல்லைக்கா. உங்களாலதான் தெரிஞ்சுது."

நம்பவில்லை. நாளையிலிருந்து ஸ்வெட்டர் போடமாட்டேன் என்கிறார். குளிருக்காவது போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

ஜனவரி 7, புதன்

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. கட்டுரை போய்விட்டதா என்று நேற்றும் இன்றும் கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் குளிக்கப் போய்விடுகிறார்.

நான் ஏன் அந்த வார்த்தைகளைச் சொல்லவே இல்லை? சொன்னால் கனவு என்பார், அதற்குப் பயந்தா? கனவு என்று சொல்லமாட்டார் என்று பயந்தா?

ஜனவரி 11, ஞாயிறு

பொங்கலுக்கு வீடு ஒதுங்க வைத்தோம். இவர் ஸ்டூல்மேல் ஏறி லாஃப்ட்டிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுக்க, நான் கீழே நின்று போகிக்குப் போடவும் வைத்துக்கொள்ளவும் பிரித்தேன். பழைய மிக்சி, என் கல்லூரி நோட்டுகள், ஓட்டைக் குடம். பிறகு ஒரு நீல ஃபைல். ஆஸ்பத்திரி ஃபைல்.

"இது வேணுமா? போட்டுரலாமா?" என்றார். கையிலேயே வைத்திருந்தார், கொடுக்கவில்லை.

"எங்க ஆராய்ச்சி ஊத்திக்கிச்சுங்க" என்றேன். "ஒண்ணும் நிரூபிக்கலை. கட்டுரையும் போகலை. எலி மடியில சூடா இருந்திருக்கு, அவ்வளவுதான்."

இவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு வாய் திறந்தது.

"அதனால இனி சும்மாவே சொல்றேன். கேட்டுட்டு கனவுன்னே வெச்சுக்குங்க. அன்னைக்கு ஒரு நர்ஸ் உள்ள வந்தாங்க. 'கையெழுத்து வாங்கிட்டேன் டாக்டர், செவப்பு மையில போட்டிருக்காரு, பரவால்லீங்களா'ன்னாங்க. டாக்டர் 'எந்த மையா இருந்தா என்ன, அங்க வை'ன்னார். அப்புறம் அந்த நர்ஸ் சொன்னாங்க, 'அந்தம்மாகிட்ட இது தெரிய வேண்டாமாம், கேக்காமயே எடுத்துட்டதா சொல்லச் சொல்றாரு'ன்னு. அவ்வளவுதான் கேட்டுச்சு. அதுக்கப்புறம் நான் போயிட்டேன்."

இவர் ஃபைலைப் புரட்டினார், அதில் ஒன்றும் இல்லை, மருந்துச் சீட்டுகள்தான். தெருவில் கோலமாவு விற்கிற வண்டி போனது.

"என்கிட்ட பேனா இல்லை" என்றார். மேலே பார்த்துக்கொண்டே சொன்னார். "பை எல்லாம் வார்டுல கெடந்துது. அந்தப் பொண்ணு சார்ட் எழுதற பேனாவைக் குடுத்துச்சு. அது செவப்பு."

 மூன்று வருடம், ஒரு நிரந்தர வேலை, பதினாறு எலி. கடைசியில் வந்த சாட்சி ஒரு பேனா.

"கையெழுத்துப் போட்டதுக்கு எனக்குக் கோபம் இல்லைங்க. உங்க எடத்துல நான் இருந்தாலும் போட்டிருப்பேன். கனவுன்னு சொன்னீங்களே, அதுக்குத்தான். மூணு வருஷமா எனக்கே என்மேல நம்பிக்கை போயிருச்சு."

"பயந்துட்டேன்மா. கொழந்தையே இனி இல்லைன்னு நான் கையெழுத்துப் போட்டேன்னு தெரிஞ்சா, ஒவ்வொரு தடவை என் மூஞ்சியைப் பார்க்கறப்பவும் உனக்கு அந்தக் காயிதம்தான் தெரியும்னு நெனைச்சேன். நீ கேட்டுதுன்னு சொன்னப்ப, என்ன கேட்டுதுன்னு கேக்க எனக்குத் தைரியம் இல்லை."

தப்பு என்று சொன்னேன். ரொம்பப் பெரிய தப்பு என்று சொன்னேன். அழுதுகொண்டே சொன்னதில் பாதி புரிந்திருக்காது. இவரும் அழுதார். ஸ்டூல்மேலேயே நின்று அழுதார், இறங்கத் தோன்றவில்லை.

பிறகு குனிந்து என் முகத்தைப் பார்த்தார். நான் பெட்டிக்குள் கேட்கும் அதே சின்னக் குரலில் கேட்டார்.

"அப்ப நீ அங்க இருந்தியா?"

"இருந்தேங்க."

ஸ்டூல் ஆடியது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.